கரண்ட் போகலையே!

“‘கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்க வேண்டும்’னு எழுதியிருக்கான் பாருங்க! நாலு பேரு பாக்குற எடத்துல!”

மெர்சி லேப்டாப்பைக் கணவர் பக்கம் திருப்பினாள். ஜோசப் ராஜ் தோசையை மென்றபடி எட்டிப் பார்த்தார். அவர் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர். திரையில் இருந்ததில் பாதி புரியவில்லை. ஆனாலும் மனைவிக்குக் கோபம் வந்தால் தனக்கும் வர வேண்டும் என்பது குடித்தனம் கற்றுக்கொடுத்த பாடம்.

“யாரு அந்த ஆளு?”

“லார்ஸ்னு பேரு. இந்த சாஃப்ட்வேருக்கு அவன்தான் பொறுப்பு.”

மெர்சி காரைக்குடியில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவள். ஒரே கம்ப்யூட்டருக்குள் நாலைந்து கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக இருப்பதுபோல ஓட்டிக் காட்டும் மென்பொருள் அது. பல நாட்டு ஆட்கள் சேர்ந்து இலவசமாக எழுதுவது. புதுப் பதிப்பை வெளியிடும் முன், ‘ஓட்டிப் பாருங்கள், உடைந்தால் சொல்லுங்கள்’ என்று ஊர் உலகத்தையே கேட்டிருந்தார்கள். மெர்சியும் வீட்டுப் பின்னறையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் அதை ஏற்றி, இரவு பகலாக ஓடவிட்டிருந்தாள்.

உடைந்தது. காலையில் நன்றாக ஓடும். சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால் எல்லாம் கவிழ்ந்து கிடக்கும். ஓடிக்கொண்டிருந்தவை மட்டுமல்ல, முன்பே பத்திரமாகச் சேமித்து வைத்த நகல்களும் பாழ். வேறு யாருக்கும் இப்படி நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை வெளியீடு.

“விட்டுத் தொலையேன் மெர்சி. ஒனக்கென்ன சம்பளமா தர்றாக?”

“எப்படிங்க விடுறது? அடுத்த மாசம் எங்க லேப்ல இதைத்தான் போடப்போறாக. பிள்ளைக வருசம் பூரா செஞ்ச புராஜெக்ட் இதுக்குள்ளதான் இருக்கும். அழிஞ்சு போச்சுன்னா இந்த லார்ஸா வந்து பதில் சொல்லுவான்?”

“அப்ப விடாத. நறுக்குன்னு நாலு கேள்வி கேளு!”

ஆனால் கேள்வி கேட்டதெல்லாம் லார்ஸ்தான். ‘ஹார்டு டிஸ்க் பழையதா?’ புதிது வாங்கி மாட்டினாள். ‘முதலிலிருந்து ஏற்றிப் பார்த்தீர்களா?’ மூன்றாவது முறையாக ஏற்றினாள். ‘நடுவில் மின்சாரம் போகிறதா?’

“ஏங்க, நான் காலையில போனப்பறம் கரண்ட் போகுதா?”

“கரண்ட் போகலையே. நான் கெளம்புற வரைக்கும் ஃபேன் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? மோட்டார்கூடப் போட்டேனே.”

‘மின்சாரம் போவதே இல்லை. என்னைக் குடைவதை விட்டுவிட்டு உங்கள் மென்பொருளைப் பாருங்கள்’ என்று சூடாக எழுதிப் போட்டாள். ‘எங்களால் அந்தக் கோளாறை வரவழைக்க முடியவில்லை’ என்று குளிர்ச்சியாகப் பதில் வந்தது. எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது என்று மெர்சிக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை செக்காலை ரோடு வரை போனவள், சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டதால் அதே ஆட்டோவில் திரும்பினாள். பின்னறையில் யாரோ பாடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

கம்ப்யூட்டர் உயிரில்லாமல் இருந்தது. அதன் பிளக் தரையில் கிடந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் இஸ்திரிப் பெட்டியின் பிளக். ஜோசப் ராஜ் பனியனோடு நின்று, பாட்டுப் பாடியபடி சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க பண்றீக?”

“பாத்தாத் தெரியல? ஹால் பிளக்குல பொறி பறக்குது. அதான் ரெண்டு வாரமா இங்குட்டு வந்து தேய்க்கிறேன். பயப்படாத, முடிச்சதும் ஒன் பிளக்கை மாட்டிட்டுத்தான் போறேன். மெஷின் தன்னால உசிர் வந்துருது.”

“கரண்ட் போகுதான்னு படிச்சுப் படிச்சுக் கேட்டேனேங்க!”

“கரண்ட் எங்க போச்சு? பிளக்கைத்தானே புடுங்கினேன்?”

மெர்சி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். புது ஹார்டு டிஸ்க், கெட்ட தூக்கம், முகம் தெரியாத மனிதரோடு போட்ட சண்டை எல்லாம் கண் முன்னால் வந்து போயின. பல்லைக் கடித்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்து எழுதினாள்: ‘மன்னித்துவிடுங்கள். தவறு உங்கள் மென்பொருளில் இல்லை. ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் பிளக்கை என் கணவர் ஜோசப் ராஜ் தினமும் பிடுங்கியிருக்கிறார். என் புகாரைத் தள்ளிவிடுங்கள்.’

“என் பேரையுமா போட்ட?”

“போட்டேன்! உலகமே தெரிஞ்சுக்கிறட்டும்!”

“இனிமே இந்த ரூம் பக்கமே வரமாட்டேன் தாயி” என்று கும்பிட்டுவிட்டு, காலர் மட்டும் தேய்த்த சட்டையோடு பள்ளிக்கூடம் கிளம்பினார் அவர்.

அன்று முழுக்க மெர்சி போனைத் தொடவே கூசினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் லார்ஸின் பதிலைத் திறந்தாள்.

‘மெர்சி, மன்னிப்பு நாங்கள்தான் கேட்க வேண்டும். மின்சாரம் போனால் அந்நேரத்து வேலை போகலாம். முன்பே சேமித்து வைத்தது போகக் கூடாது. இத்தனை பேர் சோதித்தோம், ஓடும்போது பிளக்கைப் பிடுங்கிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்று பிடுங்கினோம். எல்லாருக்கும் அழிந்தது. வெளியீட்டை நிறுத்திவிட்டோம். திருத்திய பதிப்பை அனுப்பியிருக்கிறேன். திரு. ஜோசப் ராஜ் இதையும் சோதித்துத் தருவாரா?’

மெர்சி இன்னொரு முறை படித்தாள். திருத்திய பதிப்பை ஏற்றி ஓடவிட்டாள். பிறகு ஹால் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“ஏங்க, வீட்டுல கசங்குன துணி எம்புட்டு இருக்கோ, அம்புட்டையும் அள்ளிக்கிட்டு இங்குட்டு வாங்க!”