மேடம் இனாஸ் விற்ற ஸ்பீக்கர்கள்

மேடம் இனாஸ் தன் ஸ்டுடியோவின் பெரிய ஸ்பீக்கர்களை விற்றுவிட்டாள் என்று தெரிந்ததும், கெய்ரோவின் தொக்கி வட்டாரத்துப் பாட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்.

"கஞ்சம்."

ஆள் உயர ஸ்பீக்கர்கள் அவை. கூடவே அலமாரி மாதிரி ஒரு ஆம்ப்ளிஃபையர். ஜனவரியில் அதன் பக்கத்தில் நின்று குளிர் காயலாம். அவற்றை வைத்துத்தான் எல்லோரும் மரியாதையாக 'உஸ்தாஸ்' என்று கூப்பிடும் மம்தூஹ் இத்தனை வருஷமாகக் குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து பாட்டுகளுக்கு மிக்ஸிங் செய்துவந்தார். ஊர் அவரைத் 'தங்கக் காது' என்றது. அவர் மறுத்ததில்லை.

இப்போது அவர் மேஜையில் இரண்டு சின்னப் பெட்டிகள்.

"என்னம்மா இது, செருப்பு வாங்கின டப்பாவா?"

"புது ஸ்பீக்கர், உஸ்தாஸ்."

"ஆம்ப்ளிஃபையர் எங்கே?"

"உள்ளேயே இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு. கீழ் சத்தம் பாஸுக்கு ஒண்ணு, மேல் சத்தம் ட்ரெபிளுக்கு ஒண்ணு."

மம்தூஹ், காய்ச்சல் பார்ப்பதுபோல் டப்பாவின் தலையில் கை வைத்தார்.

"ஜில்லுனு இருக்கே."

"இது வேற வகை. கரண்டை வெட்டி வெட்டிக் கொடுக்குமாம். வீணாப் போறது கம்மி, அதான் சூடாகாது."

"வெட்டி ஒட்டின கரண்டுல பாட்டு கேட்கணுமா நான்? பில்லுக்குப் பயந்துட்டேன்னு நேரா சொல்லிடு."

இனாஸ் கொஞ்சம் யோசித்தாள்.

"ஆமா உஸ்தாஸ். பில்லு தாங்கல."

ஸ்டுடியோவுக்கு அப்போது நேரம் சரியில்லை. முந்தைய வருஷம் செய்த பாட்டுகள் வரிசையாகத் திரும்பி வந்திருந்தன. 'ஸ' வருகிற இடமெல்லாம் காதில் ஊசி குத்துகிறது என்றார்கள் பாடகர்கள். மம்தூஹ் முதலில் அவர்களுடைய பல்லைக் குறை சொன்னார். பிறகு இயர்ஃபோன் மாட்டும் ஜனங்களின் காதை. பழைய மரியாதைக்காக ஷாஹினாஸ் என்ற பாடகி மட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தாள். இந்தப் பாட்டும் குத்தினால் இதுதான் கடைசி என்று இனாஸிடம் தனியாகச் சொல்லியிருந்தாள்.

செருப்பு டப்பாக்களில் மம்தூஹ் செய்த முதல் மிக்ஸிங் அவளுடைய பாட்டு. முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் செய்தார்.

அதைக் காரில் போட்டுக் கேட்டுவிட்டு ஷாஹினாஸ் போன் செய்தாள்.

"உஸ்தாஸ், பட்டு மாதிரி இருக்கு. உங்க பழைய கை திரும்பிடுச்சு."

போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மம்தூஹைப் பிடிக்க முடியவில்லை. ரேடியோவிலிருந்து பேட்டி எடுக்க வந்தவர்களிடம் சொன்னார்:

"கருவியில ஒண்ணுமில்ல. எல்லாம் காதுல இருக்கு. இந்த டப்பாவிலயே நான் இப்படிப் பண்றேன்னா பார்த்துக்குங்க. எங்க மேடத்துக்குப் பாட்டெல்லாம் கேட்காது, நோட்டு எண்ணுற சத்தம் மட்டும்தான் கேட்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். புதினா டீ ஊற்றிக்கொண்டிருந்த இனாஸும் சிரித்தாள்.

ஒரு நாள் காலை, வக்தி என்ற வேறு ஸ்டுடியோக்காரன் அந்த அறையை வாடகைக்கு எடுத்தான். அவன் இடத்தில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. உட்கார்ந்து ஒரு பாட்டு ஓடவிட்டதும் காதைத் தேய்த்துக்கொண்டான். ஒவ்வொரு ஸ்பீக்கரின் பின்பக்கமும் எட்டிப் பார்த்து, குட்டியாக இருந்த ஏதோ ஒன்றை நகத்தால் தள்ளினான். அப்புறம் நிம்மதியாக வேலை செய்தான்.

மதியம் மம்தூஹ் வந்தார். வந்தவுடன் தன் பாட்டைப் போட்டார். முகம் மாறியது.

"இனாஸ், உன் டப்பா செத்துப்போச்சு. கம்பளியைப் போர்த்திக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு."

"எனக்குச் சரியாத்தானே கேட்குது," என்றான் வக்தி.

இனாஸ் அவசரமாகக் குறுக்கே வந்தாள். "ஒயர் லூஸா இருக்கும். நான் பார்க்கறேன்." ஒவ்வொரு ஸ்பீக்கராகப் பின்பக்கம் கையை விட்டுத் தடவினாள். "இப்பக் கேளுங்க உஸ்தாஸ்."

மம்தூஹ் கண்ணை மூடிக் கேட்டார். முகம் தெளிந்தது.

"இப்பச் சரி. பார்த்தியா தம்பி, ஒயர் லூஸானாக்கூட இந்தக் காதுக்குத் தெரிஞ்சுடும். உனக்குத் தெரிஞ்சுதா?"

வக்தி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். வழியனுப்ப வந்த இனாஸை மாடிப்படியில் நிறுத்தினான்.

"மேடம், அது ஒயர் இல்ல. ட்ரெபிள் சுவிட்ச். அதை முழுசா ஏத்தி வெச்சிருக்கீங்க. நான் இறக்கினேன், நீங்க திரும்ப ஏத்திட்டீங்க. ஊசி மாதிரி குத்துது, அவருக்கு அது தெரியல. இவரா தங்கக் காது?"

இனாஸ் திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது.

"அவருக்கு மேல் சத்தம் சரியா கேட்கிறதில்லப்பா. போன வருஷம் அவருக்குக் கேட்கலைன்னு பாட்டுலயே ஏத்திக்கிட்டே இருந்தார், அதான் மத்தவங்க காதைக் குத்துச்சு. ஸ்பீக்கர்ல நான் ஏத்தி வெச்சா, பாட்டுல அவர் ஏத்த மாட்டார். மத்தபடி அவர் மாதிரி மிக்ஸிங் பண்ண இந்த ஊர்ல ஆள் இல்ல."

"அவர்கிட்டயே சொல்லிடலாமே."

"சொன்னா அன்னிக்கே எழுந்து வீட்டுக்குப் போயிடுவார்."

"அதுக்காக ஊரெல்லாம் உங்களைக் கஞ்சம்னு சொல்றதைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்களா?"

"வேற என்ன பண்ணச் சொல்றே?" என்றாள் இனாஸ். "அந்தப் பெரிய ஸ்பீக்கர்ல இந்தச் சுவிட்ச் கிடையாதே."