மேஜை மேல் எஞ்சின்

நிஷ் நகரத்தில் ராதோய்கா ஆசைப்பட்டு ஒரு பழைய சிவப்பு ஸஸ்தாவா கார் வாங்கினாள். முதல் வேலையாக அவளும் அண்ணன் ல்யூபிஷாவும் காரை ஷெட்டுக்குள் தள்ளி, எஞ்சினைக் கழற்றி அங்கிருந்த மேஜையில் வைத்தார்கள்.

“துரு தேய்ச்சே கிழவியாயிடுவே,” என்று அண்ணன் சிரித்தான்.

மறுவாரம் பக்கத்து வீட்டு ஸ்லாதா செர்ரி கேக்கோடு வந்து ல்யூபிஷாவிடம் நீட்டினாள். “நேத்து மழையில எங்க பொண்ணு துன்யாவை ஸ்கூல்லேருந்து கார்ல கொண்டாந்து விட்டீங்களே, தேங்க்ஸ் தம்பி.”

“நானா? எஞ்சினே மேஜையில கெடக்கு. கார் எப்படிக்கா ஓடும்?”

“விளையாடாதீங்க. உங்க சிவப்புக் கார நானே பாத்தேன். இன்னைக்கும் அதுலதான் வருவேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா.”

ராதோய்கா சாவியை எடுத்தாள். ஓடிப்போய் ஷெட்டின் பூட்டைத் திறந்தாள். எஞ்சின் மேஜையில் இருந்தது. கார் இல்லை.

அப்போது தெருவில் ஹார்ன் அடித்தது. துன்யா சிரிப்பது தெளிவாகக் கேட்டது. மூவரும் வாசலுக்கு ஓடுவதற்குள் அந்தச் சிரிப்பு வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.