ரப்பர் தலையில் பழகிய கை

முடியலங்காரப் பயிற்சிக்கூடத்தில் விழுந்த முடியைக் கூட்டிக்கொண்டே பார்க்கிறேன். இங்கிலாந்தின் சண்டர்லாந்து மழையின் சாம்பல் வெளிச்சம் கண்ணாடிகளில் தங்கியிருக்கிறது. ஒட்டுமுடி வைக்கும் பயிற்சிக்கு இன்று கடைசித் தேர்வு. பெத்தனிக்கு இது இரண்டாம் முறை; இந்தத் தடவையும் தோற்றால் சலூன் வேலை கிடையாது. தேர்வுக்குத் தலை கொடுக்க நாற்காலியில் அவள் அக்கா, ஜோடி என்று பெயர், உட்கார்ந்திருக்கிறாள். "ரப்பர் பொம்மைத் தலையில பழகின கை, பாத்துடி, இதுக்கு உசுரு இருக்கு" என்று சிரித்தவள் இப்போது நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருக்கிறாள். "வலிக்குதாக்கா?" "சேச்சே, இல்லடி." ஒட்டுமுடியைச் சொந்த முடியோடு பிடித்துவைக்கும் கடைசிச் சிறு வளையத்தையும் பெத்தனி குறடால் வேரோடு சேர்த்து நசுக்குகிறாள். தேர்வு வைக்கும் அம்மாள், வளையங்கள் தோலை இழுக்கின்றனவா என்று பார்க்க வந்து, "தாடைய நெஞ்சுல வைங்கம்மா" என்கிறாள். ஜோடியின் தலை பாதியில் நின்றுவிடுகிறது. பிடரித் தோல் முடியோடு மேலே இழுபடுகிறது. "வலிக்கல" என்று சிரிக்கிறாள், கண்ணீர் மேலே போர்த்திய துணியில் சொட்டுகிறது. "ஏன்க்கா சொல்லல?" "நீ பாஸாகணுமேடி." திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் விழிக்கிறாள் பெத்தனி. பிறகு, யாரும் சொல்லாமலே, குறடால் ஒரு வளையத்தைத் திறக்கிறாள். ஜோடியின் தாடை கொஞ்சம் இறங்குகிறது. அம்மாளின் பேனா மதிப்பெண் தாளுக்கு மேலேயே, இன்னும் எதையும் எழுதாமல், நிற்கிறது.