கதவு எண்ணாத மூட்டைகள்

“எங்க ஊர்த் தலையெண்ணிக்கையக் காட்டுங்க சார்.”

பஸ், ரோடு திட்ட அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே, அதை மட்டும் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மேலதிகாரி குமரேசன் சார் சலித்துக்கொண்டே திரையைத் திருப்பினார். சந்தை நாளில் எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று பஸ் கதவுகள் எண்ணும். அதை வைத்து, எந்த ஊருக்கு பஸ், ரோடு என்று திட்டம் தன்னைத்தானே வரைந்துகொள்ளும். திரையில் எங்கள் ஊர்: காக்காபொன்னூர், சந்தைக்கு ஒரு ஆள். அடுத்த மாதத்திலிருந்து பஸ்ஸும் இல்லை, ரோடும் இல்லை.

“ஒத்த ஆளுக்கு ஒரு ரோடாம்மா? ஊரக் காலி பண்ணிட்டு வந்தா டவுன்ல மாடி வீடு தர்றாங்கல்ல.”

“ஆட்டை எந்த மாடியில கட்டுறது?”

எங்கள் ஊரில் முறை வைத்து ஒருத்திதான் எல்லா வீட்டுக் காயையும் சந்தைக்குக் கொண்டுபோவாள். போன சந்தைக்கு அம்மா முறை. ஒன்பது மூட்டையோடு ஏறியவளைக் கதவு ‘ஒன்று’ என்று எண்ணியிருக்கிறது.

“மூட்டைய அது எண்ணாதும்மா. நாளைக்குச் சந்தைதான் கடைசி எண்ணிக்கை. நாப்பது தலை ஏறினா ஊர் தப்பிக்கும்.”

அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டேன். “முறையெல்லாம் வேணாம்மா. நாளைக்கு ஊரே ஏறணும்.”

“காட்டுக்கு யாருடி தண்ணி கட்டுறது? வீட்டுக்கு ஒரு ஆள்தான் வர முடியும்.”

எங்கள் ஊரில் முப்பத்தொன்பது வீடு. நான் பையை எடுத்தேன்.

“நாளைக்கு லீவு கிடையாது இளவஞ்சி. வரலைன்னா வேலை போயிரும்.”

“நாப்பதாவது தலை நான்தான் சார்.”

ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வெளியே நடந்தேன்.