இருப்பதிலேயே குறைந்த கூலி

“வெறுதே எதுக்குக் கூலிய அள்ளிக் குடுக்கணும்? இருக்கதுல கொறஞ்சதப் போடு மக்கா” என்றார் மத்தியாஸ்.

டெல்சி லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா. கட்டிலில் சம்மணம் போட்டு, பொரித்து வைத்த நெய்மீனின் முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தார். நகை பேசியாயிற்று, ரொக்கம் பேசியாயிற்று, இரண்டு ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலையும் வாசித்தாயிற்று. நாளைக்கு மூன்றாம் ஓலை; ஊரறிய அறிவிப்பது அதோடு முடியும், அப்புறம் தாலிதான். பெண்ணிடம் பிட்காயின் இருக்கிறதென்று அதற்குள் எவனோ அவர் காதில் ஊதிவிட்டான். பேப்பரில் அதன் விலை ஏறுவதைப் பார்த்த மனுஷன், சனிக்கிழமை மத்தியானமே இராஜாக்கமங்கலத்துப் பெண் வீட்டுக்கு பைக்கை விரட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதையும் கொடுத்தால்தான் மூன்றாம் ஓலையாம்.

என்ன நெஞ்சழுத்தம்!

வெளிநாட்டுக்காரன் ஒருவனுக்குப் படம் வரைந்து கொடுத்து டெல்சி சம்பாதித்தது அது. அன்றைக்கு அதற்குப் பெரிய மதிப்பில்லை. நாகர்கோவிலில் சின்னதாக ஒரு கடை போட வேண்டும் என்று தொடாமல் வைத்திருந்தாள். தூக்கிக் கொடுக்க வயிறு எரிந்தது.

மஸ்கட்டில் இருக்கிற மாப்பிள்ளை அனிஷுக்கு, இவர் வந்து கேட்டதுமே போன் போட்டுக் கேட்டாள். “பெரியப்பா சொல்லியாச்சுன்னா நான் என்னத்தச் சொல்ல?” என்றான். நல்ல ஆம்பளை.

அம்மா செசிலி அடுக்களை வாசலில் நின்று கண்ணாலேயே கெஞ்சினாள். கொடுத்துவிடு. இரண்டு ஓலை வாசித்த கல்யாணம் நின்றுபோனால், மீன் பெட்டியைச் சுமந்துகொண்டு எந்த வாசலில் போய் நிற்பாள்?

“கூலி கொறஞ்சா நேரமாவும் மாமா” என்றாள் டெல்சி.

பொய்யில்லை. பிட்காயினை அனுப்பினால் அது சும்மா போய்ச் சேராது. உலகத்தில் எங்கெங்கோ கணினி ஓட்டுகிறவர்கள் அதை எடுத்துக் கணக்கில் ஏற்ற வேண்டும். அதற்குக் கூலி உண்டு. ஒரு பிட்காயினைப் பத்துக் கோடியாகப் பொடித்தால் ஒரு பொடிக்குப் பெயர் சதோஷி; கூலி அந்தப் பொடியில்தான். கூடுதல் கூலி வைத்ததை முதலில் தூக்குவார்கள். குறைத்து வைத்தது, லாரிக்காரன் ஏறிட்டுப் பார்க்காத சாளை மீன் பெட்டி மாதிரி கரையிலேயே கிடக்கும். அந்த மாதம் உலகம் பூராவும் ஒரே நெரிசல் வேறு.

இதையெல்லாம் டெல்சி மீன் பெட்டிக் கணக்காகவே எடுத்துச் சொன்னாள். மத்தியாஸுக்குக் காதில் ஏறவில்லை. ஏலத்தில் மீன் எடுத்துவிட்டு, பெட்டி தூக்கினவனுக்குக் கூலி கொடுக்காமல் நழுவுவதில் கடற்கரை முழுக்கப் பேர் வாங்கியவர். இந்தக் கூலி தனக்கு வர வேண்டியதிலிருந்து போகிறது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

“ஆவட்டு. நமக்கென்ன ரயிலா பிடிக்கணும்?”

“நெசமாட்டா மாமா?”

“போடுட்டி.”

போட்டாள். அனுப்புகிற தகவலின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரே ஒரு சதோஷி. அதற்குக் கீழே போட வழியில்லை.

மத்தியாஸ் யாரையோ பிடித்துப் போனில் ஏற்றி வந்திருந்த வாலட், அந்த பிட்காயின் பை, சிணுங்கியது. தொகை முழுசாகத் தெரிந்தது. பக்கத்தில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு சொல். அது என்னது என்று போனை நீட்டினார்.

“ஓலை வாசிச்சாச்சு, தாலி இன்னும் கெட்டல்ல. அவ்வளவுதான் மாமா.”

மனுஷன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கை கழுவினார். மிச்ச மீனையும் பொதிந்து தரச் சொல்லி செசிலியிடம் கேட்டார். அவள் வாழையிலையில் பொதிந்து கொடுத்தாள். வாங்கி பைக்கில் மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

பைக் சத்தம் தெருமுனைச் சிலுவைக் குருசடி தாண்டும் வரை டெல்சி அசையவில்லை. பிறகு லேப்டாப்பை மடிக்கு இழுத்தாள்.

அதே பிட்காயின்தான். இந்தத் தடவை மத்தியாஸின் வாலட்டுக்கு இல்லை, தன்னுடைய இன்னொரு வாலட்டுக்கு. முதலில் அனுப்பியது கணக்கில் ஏறாமல் கிடக்கிற வரைக்கும், அதே காசை வேறு பக்கம் திருப்பி விடலாம். கூலியைக் கூட்டி வைத்தால் இதைத்தான் தூக்குவார்கள். அவருக்குப் போனது அப்படியே செத்துப்போகும். எல்லாம் தயார். விரல்தான் இறங்க மறுத்தது. அம்மா நாளைக்கு எந்த வாசலில் போய் நிற்பாள்?

“அது இன்னும் கரையிலதான கெடக்கு?”

பின்னால் செசிலி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

“ஆமாம்மா.”

“திருப்ப முடியுமா?”

டெல்சி தலையாட்டினாள்.

“அப்பம் திருப்பு. நான் கோயில்ல சாமியாரப் பாத்து, மூணாம் ஓலை வாசிக்கண்டாம்னு சொல்லிட்டு வாறேன்.”

டெல்சிக்குச் சட்டென்று நம்ப முடியவில்லை. “ஊரு பேசுமேம்மா.”

“பேசட்டு. மிச்ச மீனக்கூட விடாதவன் நாளைக்கு உன்ன விடுவானா? எனக்கு நாக்கு இல்லியா?”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செசிலி வாசல்படி இறங்கினாள். இறங்கினவள் நின்று, கூலி எவ்வளவு ஆகும் என்று கேட்டாள்.

டெல்சி சொன்னாள். ஒரு வாரம் வெயிலில் மீன் சுமந்தாலும் செசிலிக்குக் கிடைக்காத காசு அது. சந்தையில் கத்தரிக்காய்க்குக்கூடக் கடைக்காரனை அழவைத்து விலை குறைக்கிறவள் அவள்.

“கேக்கதுக்கு மேலயே குடு மக்கா” என்றாள் செசிலி.