வாசலில் நிற்கும் கண்ணாடி

புதிய தையல் கடையின் வாசலில், தெருவைப் பார்த்தபடி ஒரு பெரிய கண்ணாடி சாய்ந்து நிற்கிறது. எப்படித் திருப்பினாலும் அது உள்ளே நுழையவில்லை. மாட்டப்போகும் சுவரைப் பார்த்துப் பார்த்து அளந்த தையல்காரர், வாசலை அளக்க மறந்துவிட்டார். "ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற ஆளு!" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள் மனைவி. கதவு நிலையைப் பெயர்க்க வந்திருக்கும் தச்சர் உளியைத் தீட்டுகிறார். தெருத்தெருவாகக் கொடுத்த நோட்டீசுகள் சாக்கடையோரம் நனைந்து கிடக்கின்றன. கடை திறந்ததிலிருந்து ஒருவரும் படியேறவில்லை. காலை வெயில் கண்ணாடியில் விழுந்து எதிர்வீட்டுச் சுவரில் நடுங்குகிறது. வேகமாக வந்த ஒரு பெண் சட்டென்று நின்று, தோளில் விட்டுப்போன தையலை விரலால் தொட்டுப் பார்க்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெரியவர் தொளதொளக்கும் கால்சட்டையை இடுப்போடு பிடித்துப் பார்க்கிறார். சைக்கிளில் வந்தவன் ஒரு காலை ஊன்றி, பட்டன் அறுந்த இடத்தைத் தடவுகிறான். தெருவே நின்று தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உள்ளேயிருந்து கணவனும் மனைவியும் அதைப் பார்த்து நிற்கிறார்கள். தச்சர் உளியை நிலையில் வைத்துச் சுத்தியலை ஓங்குகிறார். "ஐயோ, வேண்டாம்ணே! அது அங்கேயே நிக்கட்டும்" என்று பதறி அவர் கையைப் பிடிக்கிறாள் மனைவி. "இதைக் கொஞ்சம் பிடிச்சுத் தைக்க முடியுமா?" தோளைக் காட்டியபடி அந்தப் பெண் படியேறி வருகிறாள். தையல்காரர் கழுத்திலிருந்து நாடாவை எடுக்கிறார்.