புது பஸ் ஸ்டாண்டு ஒண்ணு

"புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அரை மணி நேரமாச்சுங்க. இங்கதான் நிக்கறேன்" என்று போனில் சொன்னான் மணிமாறன்.

அவன் நின்றுகொண்டிருந்தது என்னவோ நிஜம்தான். ஆனால் நின்ற இடம், சேலம் ஜங்ஷனிலிருந்து அப்போதுதான் கிளம்பிய டவுன் பஸ்ஸின் பின்வாசல்.

மறுமுனையில் வெண்ணிலா. ஈரோட்டில் வேலை பார்க்கும் பெண். தரகர் கொண்டுவந்த பதினோராவது வரன். முதல் பத்தும் ஏதேதோ காரணத்தால் தட்டிப்போயிருக்க, சூரமங்கலத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் மணிமாறன், முப்பத்து நாலு வயதில் இந்த ஒன்றைத்தான் மலைபோல நம்பியிருந்தான்.

ஜாதகம் பொருந்திவிட்டது, பெரியவர்களுக்கும் சம்மதம். வெண்ணிலாதான், நேரில் பார்த்துப் பேசிவிட்டே சரி சொல்வேன் என்றாள். பத்து மணிக்குப் புது பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, எதிரே இருக்கிற பேக்கரியில் டீ. கூடவே தரகரிடம் கறாராக ஒன்று சொல்லி அனுப்பியிருந்தாள். "நேரத்துக்கு வராதவங்களும் பொய் பேசறவங்களும் எனக்கு ஆகாதுங்க."

இப்போது மணி பத்தரை. பைக்கில் போனால் தலை கலைந்துவிடும் என்று கண்ணாடி முன்னால் யோசித்து, பஸ்ஸுக்கு வந்து நின்றதில் போனது அந்த அரை மணி. முதல் நிபந்தனை கைநழுவிப் போனதும் இரண்டாவதையும் அவனே தூக்கிப் போட்டுவிட்டான்.

"நானும் பத்து மணியில இருந்து கால் கடுக்க நிக்கறேனுங்க. உங்களக் காணோமே?" வெண்ணிலாவின் குரலில் கண்டிப்பு தெரிந்தது.

மணிமாறனுக்கு வியர்த்தது. "நான் நாமக்கல் பஸ் நிக்கற பக்கம் இருக்கறேனுங்க. நீங்க அலைய வேண்டாம். நானே தேடிட்டு வாரேன்."

"அவசரமில்லீங்க. கூட்டமா இருக்குது, மெதுவாவே வாங்க" என்று போனை வைத்தாள்.

என்ன ஒரு தங்கமான மனசு! மணிமாறன் உருகிப்போனான்.

"டிக்கெட், டிக்கெட்" என்றபடி வந்து நின்றார் கண்டக்டர் கைலாசம்.

"புது பஸ் ஸ்டாண்டு ஒண்ணுங்கண்ணா."

"ஏனுங்க தம்பி, அங்கதான் அரை மணி நேரமா நிக்கறீங்களே. அப்புறம் டிக்கெட்டு எதுக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மணிமாறன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணா, கல்யாண விஷயமுங்க. காட்டிக் குடுத்துராதீங்க."

"நமக்கெதுக்குங்க அந்த வம்பு" என்று டிக்கெட்டை நீட்டிவிட்டு, கைலாசம் பெண்கள் இருந்த முன்பக்கம் போனார்.

அஞ்சு ரோட்டில் பஸ் அப்படியே நின்றுவிட்டது. முன்னால் ஒரு கல்யாண வேனும் இரண்டு லாரியும் ஒன்றுக்கொன்று வழிவிடாமல் நின்றன. அந்த நேரம் பார்த்து வெண்ணிலாவிடமிருந்து மறுபடியும் போன்.

"எங்கீங்க இருக்கறீங்க?" என்று அவள் ஆரம்பிக்கவும், கைலாசம் காது கிழிய விசில் ஊதவும் சரியாக இருந்தது.

மணிமாறனுக்கு உயிரே போய் வந்தது. விசில் சத்தம் போனில் கட்டாயம் கேட்டிருக்கும். ஆனால் அது என்ன சத்தம் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவன் பதில் சொல்வதற்குள், "சரிங்க, அங்கயே இருங்க" என்று வைத்துவிட்டாள்.

துருவித் துருவிக் கேட்கிற ரகமில்லை. கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று அந்த நெரிசலிலேயே முடிவு செய்துவிட்டான். இப்படிப்பட்டவளிடம் போய்ப் பொய் சொல்லிவிட்டோமே என்று நெஞ்சு உறுத்தியது. கல்யாணம் முடிந்த மறுநாளே சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

கைலாசம் முன்பக்கம் டிக்கெட் கொடுத்து முடித்துத் திரும்பி வந்தார். போகும்போது இருந்ததைவிடப் பெரிய சிரிப்பு முகத்தில். இவனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு வேறு சிரித்தார். ஒரு மனுஷன் கஷ்டத்தில் இப்படியா சிரிப்பது என்று மணிமாறனுக்குக் கோபமே வந்துவிட்டது.

பஸ் ஒருவழியாகப் புது பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பியது. குதித்து இறங்கி, நாமக்கல் பஸ் நிற்கிற பக்கம் ஓடி, அங்கிருந்து நிதானமாக நடந்து வர வேண்டும். மணிமாறன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தயாராக நின்றான்.

பஸ் நின்றது. கைலாசம் பின்வாசலில் இருந்த அவனைப் பார்த்தார். பிறகு எட்டி, முன்வாசலையும் பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"அரை மணி நேரமா புது பஸ் ஸ்டாண்டுல நிக்கற ரெண்டு பேரும் மொதல்ல எறங்குங்க!"